சீக்கிரம் வந்தாலும் அபராதம்! ராலி டிரைவர் விளையாட்டு வீரரா... வெறும் டிரைவரா?

போன ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தை மகன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சாம்பார் ஊற்றும் நேரம் பார்த்து, "நான் ராலி டிரைவர் ஆகப்போறேன். அதுவும் ஸ்போர்ட்ஸ்தான். அர்ஜுனா விருதே குடுத்திருக்காங்க" என்று குண்டைப் போட்டான்.

அத்தை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏல, கார்ல உக்காந்துட்டுப் போறவன் விளையாட்டு வீரன்னா, நம்ம பாபநாசம் பஸ் டிரைவருக்கு என்ன பட்டம்ல குடுப்ப?"

வீடே சிரித்தது. அவன் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. சாப்பிட்டு முடித்த பிறகும் அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை கேட்டது நக்கல்தான். ஆனால், நியாயமான கேள்வியும்கூட. பதில் தேடிப் பார்ப்போமா?

ராலி என்றால் என்ன?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, கார் பந்தயம் நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. ஆனால், அது சர்க்யூட் பந்தயம். ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. ராலி வேறு.

ராலியில் கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடுவதில்லை. காட்டுப்பாதை, மண் ரோடு, மலை வளைவு என்று நிஜமான சாலைகளை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். மூடப்பட்ட அந்தப் பகுதிக்கு 'ஸ்பெஷல் ஸ்டேஜ்' என்று பெயர். எல்லா ஸ்டேஜ்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர்தான் வெற்றியாளர். விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கு உண்டு. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றில் இப்படி ஏறத்தாழ 300 கி.மீ. ஸ்டேஜ் ஓட்டம் இருக்கும். மூன்று, நான்கு நாள்கள் நடக்கும்.

காரில் இருவர் இருப்பார்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கோ-டிரைவர். இவரைப் பற்றிப் பிறகு பேசுவோம். சொல்லப்போனால், கதையின் முக்கியமான ஆளே இவர்தான்.

உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உழைப்பு?

அத்தையின் கேள்விக்கு வருவோம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ஏறும் அந்தக் குண்டும் குழியுமான மலைப்பாதையில், பின் சீட்டில் சும்மா உட்கார்ந்து வந்தாலே இறங்கும்போது இடுப்பு கழன்றுவிடும். சின்ன வயதில் ஒருமுறை போனபோது, டிரைவர் அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மெதுவாக ஏறும் பஸ்ஸுக்கே இந்த நிலை.

அதே மாதிரி ஒரு பாதையில், வேகத்தை முடிந்தவரை குறைக்காமல் ஒரு காரை விரட்டுவதாக நினைத்துப் பாருங்கள். உடம்பில் தீப்பிடிக்காத கனமான உடை. தலையில் ஹெல்மெட். மோதினால் கழுத்து முறியாமல் இருக்க அதோடு இணைத்த 'ஹான்ஸ்' என்ற கழுத்துக் காப்புக் கருவி. ஆளை இருக்கையோடு இறுக்கும் பல முனை பெல்ட். வெயில் நாளில் காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸை எட்டும். கை ஒரு நொடி ஸ்டீயரிங்கில், மறு நொடி கியரில், அடுத்த நொடி ஹேண்ட்பிரேக்கில். ஸ்டேஜ் நடுவில் டயர் வெடித்தால் மெக்கானிக் வர மாட்டார். இருவரும் இறங்கி, ஜாக்கி வைத்து, மாற்றிவிட்டு ஓட வேண்டியதுதான்.

பந்தயம் ஓட்டுபவர்களின் இதயம் நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் துடிப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 'பேய்ப் படம் பார்த்தாலும்தான் நெஞ்சு அடிச்சுக்கும்' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பயத்திலும் பரபரப்பிலும் துடிப்பு கூடும் என்பது உண்மை. அதனால்தான், டிரைவர்கள் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அளந்தார்கள். வெறும் பதற்றம் இல்லை, தசைகள் நிஜமாகவே உழைக்கின்றன என்பது அதில் தெரிந்தது. அதனால்தான் இவர்களின் தினசரி அட்டவணையில் ஓட்டப்பயிற்சியும், கழுத்து, தோள் பயிற்சிகளும் இருக்கின்றன.

'இடது 4... நூறு... வலது 2, உள்ளே வெட்டாதே!'

இப்போது கோ-டிரைவர். போட்டிக்கு முன்னால், குறைந்த வேகத்தில் பாதையைப் பார்த்துவர அனுமதி உண்டு. உலக ராலியில் ஒரு ஸ்டேஜுக்கு இரண்டே இரண்டு முறைதான். அப்போது டிரைவர் ஒவ்வொரு வளைவையும் சொல்லச் சொல்ல, கோ-டிரைவர் குறிப்பெழுதுவார். வளைவுகளுக்குப் பெரும்பாலும் 1 முதல் 6 வரை எண். எண் குறையக் குறைய வளைவு இறுக்கம். எங்கே மேடு, எங்கே கல், எங்கே உள்ளே வெட்டக் கூடாது எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

போட்டியன்று குலுங்கும் காரில், தலை நிமிராமல் அதைச் சரியான நொடியில் வாசிக்க வேண்டும். ஒரு வரி முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து. டிரைவர் கண்ணுக்கு இன்னும் தெரியாத வளைவுக்கு, காதில் விழுந்த சொல்லை நம்பிக் காரைத் திருப்புகிறார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவரை நம்புவது என்பார்களே, ராலியில் அது ஏறக்குறைய நிஜம்.

இதைச் சொன்னதும் எங்கள் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம மாட்டு வண்டிப் பந்தயம்லா!"

யோசித்தால், சரிதான். நெல்லை, தூத்துக்குடி பக்கம் கொடை விழாக்களில் நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயமும் நிஜமான சாலையில்தான் நடக்கிறது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று அங்கேயும் பிரிவுகள் உண்டு. கயிற்றைப் பிடிக்கும் சாரதி, கூடவே துணைச் சாரதி. ஓடுவது மாடுதான். ஆனாலும் மைக்கில் மாட்டுக்காரர் பேரோடு சாரதி பேரையும் சொல்லித்தான் பரிசு கொடுக்கிறார்கள். 'நீ வண்டியிலதானே உக்காந்திருந்த' என்று எந்தச் சாரதியையும் நம் ஊரில் யாரும் கேட்டதில்லை.

விருது என்ன சொல்கிறது?

அத்தை மகன் சொன்ன தகவல் சரி. டெல்லியைச் சேர்ந்த கௌரவ் கில், 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் ராலி சாம்பியன். 2019-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் பந்தயத்துக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா அதுதான்.

ஆனால், ஓடாமல் குதிக்காமல் அர்ஜுனா வாங்கியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. விருது தொடங்கிய 1961-லேயே செஸ் ஆட்டக்காரர் மானுவேல் ஆரோன் வாங்கினார். கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம் 1996-ல் வாங்கினார். ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுபவர் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. குதிரையேற்றத்தில் தாண்டுவது குதிரை. அவர்களை எல்லாம் வீரர்கள் என்றுதான் சொல்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியில் ஒரு விடையும் இருக்கிறது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்றால் 'தடகள வீரர்'. எல்லோரையும் சேர்த்துச் சொன்னால் 'விளையாட்டு வீரர்'. ராலி டிரைவர் தடகள வீரர் இல்லை. அதற்காக விளையாட்டு வீரர் இல்லை என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டுக்கும் ராலிக்கும் பழைய உறவு. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனின் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். லீலாகிருஷ்ணன், நரேன் குமார் என்று தேசிய ராலி சாம்பியன்களைக் கொடுத்ததும் கோவைதான்.

இன்னொரு விஷயமும் இதில் அழகு. ராலியில் ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் மோதுகிறார்கள். பிரான்ஸின் மிஷேல் மூட்டோன் 1981, 82-ல் உலக ராலியின் நான்கு சுற்றுகளை வென்றார். 1982 சாம்பியன்ஷிப்பில் ஆண்களைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம்.

எதிர்த்தரப்பு சும்மா இல்லை

அத்தை பக்கமும் நியாயம் இருக்கிறது. முதலில் பணம். கபடிக்கு ஒரு டிரவுசர் போதும். பாளையங்கோட்டை மைதானத்தில் ஹாக்கி ஆடும் பையன் இரவல் மட்டையோடுகூட ஆரம்பித்துவிடலாம். ராலிக்கு கார், டயர், பாதுகாப்புக் கவசம், மெக்கானிக்குகள் என்று லட்சங்கள் வேண்டும். திறமை இருந்தும் வாசலுக்கே வர முடியாதவர்கள்தான் அதிகம். நல்ல கார் வைத்திருப்பவர் முந்துகிறார் என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது. இயந்திரத்தை நம்பிய போட்டிகளை ஒலிம்பிக் சாசனமே நீண்ட காலம் வெளியே வைத்திருந்தது.

இரண்டாவது, வயது. 2024 டக்கார் ராலியை கார்லோஸ் சைன்ஸ் வென்றபோது அவருக்கு 61 வயது. 'பேரன் எடுக்கும் வயசில் ஜெயிக்கலாம்னா அது என்ன விளையாட்டு?' எனக்கு இது மறுபக்கமாகவும் தெரிகிறது. 2022-ல் 22 வயதில் உலக சாம்பியன் ஆன காலே ரோவன்பெராவும் இதே ராலியின் பிள்ளைதான். இளமையும் அனுபவமும் சமமாக மோதும் களம் இது.

மூன்றாவதுதான் கனமானது. உயிர். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்தபோது, போட்டிப் பாதைக்குள் வந்த பைக்கும் காரும் மோதி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்துபோனார்கள். ஊர்ச் சாலையைப் பந்தயத்துக்கு மூடினால், கடைசிச் சந்துவரை காவல் இருக்க வேண்டும். அந்த உத்தரவாதம் இல்லாத இடத்தில் எந்த விருதுக்கும் மதிப்பில்லை. நம் மாஞ்சோலைப் பாதை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே ராலி வரப்போவதில்லை. வரவும் கூடாது.

தீர்ப்பு?

என் பதில்: ஆமாம், விளையாட்டு வீரர்தான். பயிற்சி, உடல், மூளை, விதி, எதிராளி எல்லாமே இருக்கிறது. கோ-டிரைவரையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால், அந்தப் பட்டம் வேகத்துக்காகக் கிடைப்பதில்லை.

இதை அத்தை மகனிடம் சொல்லக் காரணம் இருந்தது. அவன் ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு அம்பை ரோட்டில் பறப்பவன். அத்தையின் நக்கலுக்குப் பின்னால் இருந்ததும் அந்தப் பயம்தான்.

ராலியில் ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும் சாலை மூடப்பட்டிருக்காது. நம்மைப் போல டிராஃபிக்கில், சிக்னலில் நின்றுதான் போக வேண்டும். அடுத்த இடத்துக்குக் குறித்த நிமிடத்தில் சேர வேண்டும். உலக ராலியில் ஒரு நிமிடம் தாமதித்தால் 10 விநாடி அபராதம். ஒரு நிமிடம் முன்னால் போய்விட்டால்? 60 விநாடி! பொதுச்சாலையில் அவசரப்படுவதற்கு அங்கே ஆறு மடங்கு தண்டனை.

"அப்போ ரோட்டுல மெதுவா போறவன்தான் ராலி டிரைவரா?" என்றான்.

"ஆமா" என்றேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். சாயங்காலம் அவன் கிளம்பும்போது மட்டும், வாசல் வரை வந்து ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் தலையில் மாட்டிக்கொண்டான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ராலி டிரைவரும் விளையாட்டு வீரர்தானா? உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.