இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியப் பாத்திரம் சூடாகாதது ஏன்? இரும்புத் தூள் தரும் தீர்வு

மும்பை: அலுமினியக் கழிவை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றது தாராவி. அங்கும், மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலும் வாழும் தமிழர் வீடுகளில் இட்லிப் பானை முதல் குக்கர் வரை அலுமினியப் பாத்திரங்கள் பரவலாகப் புழங்குகின்றன. ஆனால், சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் இவை சூடாவதில்லை.

மத்திய அரசுப் பொதுத்துறை நிறுவனங்களின் கூட்டு நிறுவனமான இ.இ.எஸ்.எல்., நாடு முழுவதும் 20 லட்சம் இண்டக்ஷன் அடுப்புகளை வழங்கும் திட்டத்தை 2023 நவம்பரில் தொடங்கியது. எனினும், மின் அடுப்புக்கு மாறும் குடும்பத்துக்கு அடுப்பின் விலையுடன் புதிய பாத்திரங்களின் செலவும் சேர்ந்துவிடுகிறது.

வெப்பம் உண்டாவது எப்படி?

அடுப்பின் கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் உள்ளது. அதில் நொடிக்கு 20 ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் திசை மாறிப் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதிப்படி, அப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதற்கு உலோகம் காட்டும் தடையே வெப்பமாகிறது.

25 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், இரும்பில் இந்த மின்னோட்டம் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான மேலடுக்கில் ஒடுங்குகிறது. அலுமினியத்திலோ சுமார் 0.5 மில்லிமீட்டர் ஆழம் வரை பரவுகிறது. அலுமினியத்தின் மின்தடைத் திறனும் இரும்பினதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. எனவே போதிய வெப்பம் எழுவதில்லை. பாத்திரத்தை உணராமல் அடுப்பும் நின்றுவிடுகிறது.

அடியில் ஓர் இரும்பு அடுக்கு

சந்தையில் கிடைக்கும் 'இண்டக்ஷன் பேஸ்' அலுமினியக் குக்கர்களில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடு அழுத்திப் பொருத்தப்படுகிறது. மற்றொரு முறை 'கோல்ட் ஸ்ப்ரே'. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலும் இரும்பு 1,538 டிகிரியிலும் உருகுவதால், இரும்பை உருக்கி ஊற்றி ஒட்டுவது கடினம். இம்முறையில் இரும்புத் தூள் உருக்கப்படுவதில்லை. அழுத்தமூட்டிய சூடான வாயுவால் ஒலியை விஞ்சும் வேகத்தில் வீசப்படும் துகள்கள், பாத்திரத்தில் மோதித் தட்டையாகி ஒட்டிக்கொள்கின்றன. ஐதராபாத்தில் உள்ள பொடி உலோகவியல் ஆராய்ச்சி மையமான ஏ.ஆர்.சி.ஐ., கோல்ட் ஸ்ப்ரே தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்துவருகிறது.

அதே தூள், எதிர்ப்பணி

துகள்கள் ஒன்றையொன்று தொட்டால் மின்னோட்டம் பாய்ந்து வெப்பம் உண்டாகும். மாறாக, ஒவ்வொரு துகளுக்கும் மின்காப்புப் பூச்சிட்டு, அச்சில் பல நூறு மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இறுக்கினால் மின்னோட்டம் துகளுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்தக் காந்தக் கலவைப் பொருள் தான் அதிகம் சூடாகாமல், காந்தப்புலத்தை வேண்டிய திசையில் குவிக்கும். பற்சக்கரங்களைக் கடினப்படுத்தும் ஆலைகளின் தூண்டல் சுருள்களில் இவ்வகைப் பொருள்கள் பயன்படுகின்றன. வீட்டு அடுப்புகளில் இப்பணியைப் பெரும்பாலும் ஃபெரைட் கட்டைகள் செய்கின்றன.

வீட்டில் முயல வேண்டாம்

இரும்புத் தூளைப் பசையில் குழைத்துப் பாத்திரத்தில் பூசுவது பலன் தராது. பசை துகள்களைப் பிரித்துவிடுவதால் மின்னோட்டம் தடைபடும். சூட்டில் பசையும் கருகும். ஆபத்தும் உண்டு: காற்றில் பறக்கும் நுண்ணிய உலோகத் தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து தீப்பற்றினால் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும்.

பாத்திரம் வாங்குவோருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அடிப்பாகம் தட்டையாக இருந்து, அதில் காந்தம் உறுதியாக ஒட்டினால், அது இண்டக்ஷன் அடுப்புக்கு ஏற்றது.