கால்பந்துக் கழகம் யாருடையது?



பிசான அறுவடை முடிந்ததும் மேலப்பாளையத்தைச் சுற்றியுள்ள வயல்களில் பந்து உருளத் தொடங்கிவிடும். நான்கு செங்கற்களை வைத்தால் இரண்டு கோல் தயார். இசுலாமியச் சிறுவர்களும் நம் பங்குப் பிள்ளைகளும் ஒரே அணியில் நின்று ஆடுவார்கள். சண்டை வந்தாலும் பந்து வெளியே போனதா இல்லையா என்பதற்காக மட்டுமே வரும். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, இந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் நம்மிடம் வந்து கேட்டார்: “சாமி, ஒரு முதலாளி தன்னோட டீமை மூடிட்டா அது பாவமா?” பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூட இப்படி ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அந்தத் தாமதமான பதிலே இக்கட்டுரை.

அவர் மனத்தில் இருந்தது சென்னை சிட்டி அணி. பெயரில் சென்னை இருந்தாலும் அவ்வணி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில்தான் ஆடியது. 2019 மார்ச் 9ஆம் நாள் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்னுக்குத் தள்ளி, ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. தமிழகத்திலிருந்து அப்பட்டத்தை வென்ற முதல் அணி அதுவே. குமரிக் கடற்கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் அதற்கு முந்தைய ஆண்டு அவ்வணிக்காகத்தான் ஆடினார். நம் கடலோர மக்களுக்கு அதில் எவ்வளவு பெருமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே 2019இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் கழகம் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியது. இனி ஐரோப்பா வரை வழி திறந்துவிட்டது என்று பிள்ளைகள் கனவு கண்டார்கள். ஆனால் 2021-22 ஐ-லீக்கில் அவ்வணியின் பெயரே இல்லை. கழக உரிமத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று நீக்கப்பட்டது. பட்டம் வென்று மூன்றாண்டுகள் கூட ஆகவில்லை.

இது ஏன் நடக்கிறது? ஒரு கழகத்துக்கு வருமானம் வரும் வழிகள் சில மட்டுமே: நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரதாரர், வீரர்களை வேறு கழகத்துக்கு விற்பது. நம் நாட்டில் இவை நான்குமே மெலிந்தவை. வீரர்களின் சம்பளமும் பயணச் செலவும் மைதான வாடகையும் மட்டும் குறைவதில்லை. எனவே ஆண்டுதோறும் விழும் பள்ளத்தை உரிமையாளர் தம் கைப்பணத்தால் நிரப்புகிறார். அவருக்கு ஆர்வம் குன்றினால், அல்லது அவருடைய வேறு தொழில் நொடித்தால், கழகமும் அத்தோடு முடிந்தது. கேரளத்தின் எஃப்.சி. கொச்சி 1997இல் தொடங்கி, அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்று, 2002இல் மறைந்துபோனது. முதலாவது தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011இல் கலைக்கப்பட்டது. 2025இல் பெரிய லீக்கே தடுமாறியது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் முடிவுக்கு வர, ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு, சென்னையின் எஃப்.சி. போன்ற கழகங்கள் ஆகஸ்டு மாதம் ஊதியத்தை நிறுத்தின. 2026 பிப்ரவரியில்தான், குறைந்த எண்ணிக்கை ஆட்டங்களோடு, சீசன் தொடங்கியது.

ஆகவே உரிமையாளர்கள் எல்லாரையும் பேராசைக்காரர் என்று தீர்ப்பிடுவது நியாயமாகாது. பலர் இழந்தவர்களே. ஆயினும் நட்டப்பட்டவர் என்பதால் மட்டுமே ஒருவருக்கு எல்லா உரிமையும் வந்துவிடுமா என்பதே கேள்வி.

மளிகைக்கடையில் விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போகிறோம். இரசிகருக்கு அடுத்த கடை கிடையாது. தந்தை வழி வந்த பற்று அது. அவர் விலகிப் போகமாட்டார் என்பது தெரிந்திருப்பதால்தான் அவரிடம் யாரும் கேட்பதில்லை. 1889இல் தோன்றிய மோகன் பகான், 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படைப்பிரிவை வென்ற கழகம். 2020இல் அதன் கால்பந்துப் பிரிவின் 80 விழுக்காடு கைமாறியபோது, பழைய பெயருக்கு முன்னால் வேறொரு அணியின் பெயர் ஒட்டப்பட்டது. இரசிகர்கள் கொல்கத்தா தெருக்களில் இறங்கிப் போராடினார்கள். அந்த முன்னொட்டு நீங்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் திருச்சபைக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1887 நவம்பரில், புனித மரியா ஆலய மண்டபத்தில் கூடி, மாரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃப்ரிட் தொடங்கியதே செல்டிக் கழகம். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதே நோக்கம். பத்தே ஆண்டுகளில், 1897இல், அது பங்குதாரர்களின் நிறுவனமாக மாறியது. நோக்கம் மெல்லப் பின்னுக்குப் போயிற்று. 1994 மார்ச்சில் கடன் முற்றித் திவாலாகும் தறுவாயில் ஒருவர் வந்து காப்பாற்றினார். பின்னர் அவர் பங்குகளை வெளியிட்டபோது ஆயிரக்கணக்கான சாதாரண இரசிகர்கள் வாங்கினார்கள்.

இன்னொரு கழகம், திருத்தந்தை பிரான்சிசின் இளமைக்கால அன்புக்குரிய சான் லொரென்சோ. தெருவில் பந்தாடிய சிறுவர்களுக்கு ஆலய வளாகத்தைத் திறந்துவிட்ட சலேசிய அருள்பணியாளர் லொரென்சோ மாசாவின் துணையால் 1908இல் புவெனோஸ் ஐரெசில் பிறந்தது. (திருப்பலிக்கு வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாராம். நாமும் அதே நிபந்தனையைப் போட்டுப் பார்த்திருக்கிறோம். பாதிதான் பலித்தது.) இராணுவ ஆட்சியின் நெருக்கடியிலும் கடனிலும் 1979இல் அதன் மைதானம் கைவிட்டுப்போனது. அவ்விடத்தில் ஒரு பேரங்காடி எழுந்தது. இரசிகர்கள் மறக்கவில்லை. ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள், சதுர மீட்டர் கணக்கில் பணம் கட்டினார்கள். 2012இல் நகரச் சட்டமன்றம் அந்நிலத்தைத் திருப்பித்தர வகை செய்யும் சட்டத்தை ஏற்றது. சான் லொரென்சோவுக்கு முதலாளி இல்லை, உறுப்பினர்கள்தாம் உண்டு. இருந்தும் கடன் அதை விட்டபாடில்லை. உறுப்பினர் உரிமை என்பது எல்லா நோய்க்கும் மருந்தல்ல.

செருமனியில் 1998 முதல் ஒரு விதி உள்ளது: வணிக நிறுவனமாக மாறினாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் கழகத்திடமே இருக்கவேண்டும். ஓரிரு விலக்குகள் தவிர இது நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 1885இல் தோன்றிய பரி கழகம் 2019இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அக்கழகம் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின், 2025இல் அங்கே தனிச் சட்டமே வந்தது.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் வெளியிட்ட ‘உண்மையில் அன்பு’ என்னும் சுற்றுமடலின் 40ஆம் எண்ணில், ஒரு நிறுவனத்தை நடத்துவோர் முதலீட்டாளரின் நலனை மட்டும் பாராமல், தொழிலாளர், வாடிக்கையாளர், சுற்றியுள்ள சமூகம் ஆகியோருக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று கற்பிக்கிறார். ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளைப் பற்றி யோவான் நற்செய்தியில் ஆண்டவர் கூறுவதும் நமக்குத் தெரிந்ததே. எனவே அந்த இளைஞருக்கு நாம் சொன்னது இது: நட்டம் தாளாமல் மூடுவது பாவமல்ல. வீரர்களின் கூலியைக் கொடுக்காமல், இரசிகர்களுக்கு உண்மையைச் சொல்லாமல், இன்னொருவர் ஏற்று நடத்த ஒரு வாய்ப்பும் தராமல் ஓடுவது பாவமே.

‘பங்கு’ என்ற சொல் நம் தமிழில் பங்குச்சந்தைக்கும் பொருந்தும், நம் கோவில் சமூகத்துக்கும் பொருந்தும். இதை எழுதும்போதுதான் அது நம்மை உறுத்தியது. ஆலயத்தின் பின்புறக் காலியிடத்தில் வாடகைக்கு விட ஆறு கடைகள் கட்டலாம் என்று பங்குப்பேரவையில் பேசி வருகிறோம். கோவிலுக்கு வருமானம் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் அறுவடை இல்லாத மாதங்களில் பிள்ளைகள் ஆடுவது அந்த இடத்தில்தான். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அவர்களுள் நால்வரை, இசுலாமியப் பிள்ளைகள் இருவர் உட்பட, அழைத்திருக்கிறோம். கட்டட வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் அவர்கள் முன் வைப்போம்.