குளுக்கோமீட்டரில் தேடியது கிடைக்கிறதா?

வீட்டில் இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர்கள் பலவற்றில் பழைய அளவுகளைக் காட்டும் வசதி உண்டு. இன்சுலின் அளவை மாற்றியமைக்க எங்களுக்கு அவை தேவை. நோயாளியால் அவ்வசதியைக் கண்டறிய இயலாவிடில், அது இருந்தும் பயனில்லை.

கருவிகளை வடிவமைப்போர் இதனை எளிய சோதனையொன்றால் அறிகின்றனர். பயன்படுத்துபவரிடம் செய்யவேண்டிய வேலையை மட்டும் கூறுவர், வழியைக் கூறார். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பொத்தானைத் தவறாக அழுத்துகிறார் என்பதை அமைதியாகக் கவனிப்பர். ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார்.

இச்சோதனையை நீங்களும் செய்யலாம். “நேற்றுக் காலை சர்க்கரை எவ்வளவு இருந்தது? மீட்டரில் பார்த்துச் சொல்லுங்கள்” என்று நோயாளியிடம் கேட்டுவிட்டு, உதவாமல் பொறுத்திருங்கள்.

எண்ணுக்கு அருகிலுள்ள அலகையும் அவர் கவனிக்கிறாரா என்று பாருங்கள். நம் நாட்டில் மி.கி./டெ.லி. அலகே வழக்கம். சில மீட்டர்கள் மில்லிமோல் அலகில் காட்டும். அதில் 10 என்பது 180 மி.கி. ஆகும். அதனை 10 மி.கி. என்றெண்ணி அஞ்சுபவர், தேவையின்றி இனிப்பு உண்ணக்கூடும்.

நோயாளி தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். குறை கருவியின் அமைப்பில் இருக்கலாம். அடுத்த முறை வரும்போது மீட்டரையும் எடுத்து வாருங்கள், கற்றுத் தருகிறோம்.