களையும் கடமையும்

"நம் வீட்டுத் தோட்டம், நம் இஷ்டம்" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் வேலிக்குள் வளரும் களைக்கும் விதிகள் உண்டு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வீட்டு முன்புறப் புல் இத்தனை அங்குலத்திற்கு மேல் வளரக்கூடாது என்று அளவே வகுத்திருக்கிறார்கள். மீறினால் நகராட்சியே ஆள் வைத்து வெட்டி, செலவை வீட்டுக்காரரிடம் வசூலித்துவிடும்.

நம் நாட்டில் அங்குலக் கணக்கு இல்லாவிட்டாலும் சட்டம் உண்டு. பயிர்ப்பூச்சி, நோய், களை ஆகியவற்றைத் தடுக்க, 1919-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது. தீங்கானது என்று அரசு அறிவித்த களையை, நிலத்தை அனுபவிப்பவர் அழித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமோ, புதர் மண்டிய மனையைச் சுத்தம் செய்யும்படி உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ நோட்டீஸ் கொடுக்க நகராட்சிக்கு அதிகாரம் தந்தது. சொந்தக்காரரோடு குடியிருப்பவரையும் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் நிறுவனத்தினுடையது. ஆனால் வாழையும் முருங்கையும் நட்டுத் தோட்டத்தை அனுபவிப்பவர்கள் நாம்தானே!

ஒருவர் வீட்டுக் களை ஊருக்கே கவலையாவது ஏன்? பார்த்தீனியத்தைப் பார்த்தால் புரியும். கேரட் இலை போன்ற இலையும், சிறு வெண்பூக்களும் கொண்ட இச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டு, பின் நாடெங்கும் பரவியது. முளைத்து ஓரிரு மாதங்களிலேயே பூத்துவிடும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். காற்றும் நீரும் வண்டிச் சக்கரமும் அவற்றை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். இதைத் தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு ஏற்படும். இதன் மகரந்தத்தால் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வரும். இழுப்பு உள்ள குழந்தைக்கு, அடுத்த வீட்டு அலட்சியம் இரவுத் தூக்கத்தையே பறித்துவிடும்.

கர்நாடகம் 1975-இல் இதைத் தீங்கான களையென அறிவித்தது. ஆயினும் செடி ஒழியவில்லை. ஒருவர் பிடுங்கினாலும், கவனிப்பாரற்ற சாலையோரத்திலிருந்தும் காலி மனையிலிருந்தும் விதை மீண்டும் வந்து விழுந்தது. பின்னர் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டு வகையைத் தருவித்து, 1984-இல் பெங்களூருப் பகுதியில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலைகளைத் தின்று தீர்க்கிறது. வறண்ட காலத்திலோ மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. ஆகவே சட்டமும் வண்டும் துணை செய்யும். மீதி வேலை மனிதருடையது.

அந்த வேலை எளிது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்பே, வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை அவசியம்; மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இதில் இறங்கவே கூடாது. பூக்காத செடிகளைக் குழியிலிட்டு மட்க வைத்தால் உரமாகும். பயிரில்லாத இடங்களில், லிட்டர் நீருக்கு 200 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். காலி இடத்தில் துலுக்கச் சாமந்தி விதைத்தால் களைக்கு இடம் குறையும்.

முளையிலே கிள்ளாததை முற்றியபின் கோடாலியால் வெட்ட வேண்டும் என்பார்கள். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திராமல், நம் வேலிக்கு உள்ளேயும், வேலியை ஒட்டிய வெளியோரத்திலும் இந்த மழைக்காலத்திலேயே கை வைப்போம். பக்கத்து வீட்டாருக்கு நாம் செய்யும் சிறு அன்பும் அதுவே.