பிசிறில் போகும் பணம்: மல்லாட்டை விவசாயிக்கு முழு எண் கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மல்லாட்டை என்று வழங்கும் மணிலா, இப்பகுதிச் சிறு விவசாயிகளுக்குக் கைக்குப் பணம் கொடுக்கும் பயிராகும். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1940-இல் வந்த டி.எம்.வி.2, 1967-இல் வந்த டி.எம்.வி.7 ஆகிய ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துக்களே திண்டிவனத்தைக் குறிப்பவைதான். நல்ல ரகம் தேர்ந்தெடுத்து, உரமிட்டு, களையெடுத்து, ஆள் வைத்துப் பறித்து, காய வைத்து விற்பனைக்குக் கொண்டு வரும் வரை விவசாயி கண்ணும் கருத்துமாக இருக்கிறார். எடை போட்டுக் கணக்கு எழுதும் கடைசி நேரத்தில்தான் பல இடங்களில் கவனம் தவறிவிடுகிறது.

களத்துக்கே வந்து காய் எடுக்கும் வியாபாரி, எடை இயந்திரத்தில் 40.6 கிலோ என்று காட்டும்போது, "பிசிறு எதுக்குண்ணே, நாப்பதுன்னே போட்டுக்கலாம்" என்பார். ஒரு மூட்டையில் அரைக் கிலோ பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் எல்லா மூட்டையிலும் இதே போல் தள்ளினால் எவ்வளவு போகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியமாகும்.

எட்டு மூட்டைக் கணக்கு

ஒரு விவசாயியிடம் எட்டு மூட்டைக் காய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டைகளின் எடை கிலோவில் முறையே 40.6, 41.3, 39.8, 40.4, 41.7, 40.9, 39.6, 40.8. இவற்றின் உண்மையான மொத்த எடை 325.1 கிலோ.

ஒவ்வொரு மூட்டையிலும் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைத் தள்ளிவிட்டால் 40, 41, 39, 40, 41, 40, 39, 40 என்றாகி, மொத்தம் 320 கிலோதான் வரும். விவசாயிக்கு 5.1 கிலோ நஷ்டம்.

ஒவ்வொரு மூட்டையையும் பள்ளிக்கூட முறைப்படி அருகில் உள்ள முழு எண்ணாக எழுதினால் 41, 41, 40, 40, 42, 41, 40, 41 என்று மொத்தம் 326 கிலோ ஆகும். இதில் வியாபாரிக்கு 0.9 கிலோ நஷ்டம். இதுவும் நியாயமல்ல.

எல்லா எடைகளையும் உள்ளபடியே எழுதி, கூட்டி வந்த 325.1-ஐக் கடைசியில் ஒருமுறை மட்டும் முழு எண்ணாக்கினால் 325 கிலோ. இருவருக்கும் வித்தியாசம் 100 கிராம் மட்டுமே.

இப்போது விலையைப் பார்க்கலாம். 2025-26 பருவத்தில் தோலுடன் கூடிய நிலக்கடலைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். கிலோவுக்கு 72 ரூபாய் 63 பைசா ஆகிறது. சந்தை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்றாலும், கணக்குக்காக இதையே வைத்துக்கொள்வோம். 325.1 கிலோவை 72.63-ஆல் பெருக்கினால் 23,612 ரூபாய் வருகிறது. எடையில் பிசிறைத் தள்ளி 320 என்றும், விலையில் பைசாவைத் தள்ளி 72 என்றும் போட்டால் 23,040 ரூபாய்தான் கிடைக்கும். எட்டு மூட்டைக்கு 572 ரூபாய் போய்விடுகிறது!

"பைசா செல்லுபடியாகாத காலத்தில் 63 பைசாவுக்குக் கணக்கா?" என்று சிலர் கேட்கலாம். 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 63 பைசாவை 325 கிலோவுடன் பெருக்கினால் 204 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கையில் நாணயம் இல்லாவிட்டாலும் கணக்கில் பைசா இருக்கவே செய்கிறது. கடைசித் தொகையை மட்டும் ரூபாய்க்கு முழுதாக்கினால் போதும்.

முழு எண்ணாக்கும் முறை

இந்த முறை மிக எளிது. முதலில் எந்த இடம் வரை எண் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு அந்த இடத்துக்கு வலப்பக்கம் அடுத்து நிற்கும் ஓர் இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். அது 0 முதல் 4 வரை இருந்தால் விட்டுவிட வேண்டும். 5 முதல் 9 வரை இருந்தால் முந்தைய இலக்கத்துடன் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

உதாரணமாக 1,273 மூட்டை என்பதைப் பத்துக்கு முழுதாக்கினால் 1,270. நூறுக்கு முழுதாக்கினால் 1,300. ஆயிரத்துக்கு முழுதாக்கினால் 1,000. தசம எண்ணுக்கும் இதே விதிதான். 72.63 என்பது ஒரு தசம இடத்துக்கு 72.6, முழு எண்ணுக்கு 73.

இங்கே ஓர் எச்சரிக்கை. படிப்படியாக முழுதாக்கிக் கொண்டே போகக் கூடாது. 2.449 என்பதை முதலில் 2.45 என்றும், பிறகு அதையே 2.5 என்றும் மாற்றுவது தவறு. ஒரு தசம இடம் போதும் என்றால், மூல எண்ணில் புள்ளியிலிருந்து இரண்டாவதாக உள்ள 4-ஐ மட்டும் பார்த்து 2.4 என்றே எழுத வேண்டும்.

அணா கற்றுத் தந்த பாடம்

பலமுறை முழுதாக்கினால் பணம் குறையும் என்பதை நம் நாடே ஒருமுறை நேரில் கண்டது. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை அமலுக்கு வந்து, 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் பைசா நாணயம் கிடையாது என்பதால் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 நயா பைசா என்று மாற்று அட்டவணை வகுத்தார்கள்.

நாலணாவை ஒரே தடவையாக மாற்றியவருக்கு 25 நயா பைசா. ஒவ்வோர் அணாவாக நான்கு தடவை மாற்றியவருக்கு 24 மட்டுமே. ஒரு ரூபாய் முழுவதையும் அணா அணாவாக மாற்றினால் 96 நயா பைசாதான் தேறும். மூட்டைக்கு மூட்டை பிசிறைத் தள்ளுவதும் இதே கதைதான்.

இந்த அட்டவணையில் இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டணா என்பது 12.5 நயா பைசா. பள்ளிக்கூட விதிப்படி 13 ஆக வேண்டும். ஆனால் அரைப் பைசாவை விட்டுவிடுவது என்று அப்போது விதி செய்துகொண்டதால் 12 ஆயிற்று. ஆகவே சரிபாதி வரும்போது மேலே போவதா, கீழே போவதா என்பது முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு. எடை போட்ட பிறகு பேசினால் வாய் உள்ளவர் பக்கமே கணக்கு சாயும்.

நிலத்தில் பிசிறு கூடாது

பட்டாவில் நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் உள்ளது. ஊரில் பேச்சு வழக்கிலோ காணி, ஏக்கர், சென்ட்தான். ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர், அதாவது ஓர் ஏர் 2.471 சென்ட். ஒரு காணி என்பது ஏறத்தாழ 132 சென்ட்.

பட்டாவில் 0-53.50 என்று இருந்தால் 53.5 ஏர் என்று பொருள். இதை 2.471-ஆல் பெருக்கினால் 132.2 சென்ட், அதாவது சரியாக ஒரு காணி. இதையே "அரை ஹெக்டேர்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் 123.6 சென்ட்தான் ஆகும். விடுபட்ட 3.5 ஏர் சுமார் 3,770 சதுர அடி; 2,400 சதுர அடி மனைக் கணக்கில் ஒன்றரை மனைக்கு மேல்! எனவே கிரயம், பாகப்பிரிவினை, குத்தகை எழுதும்போது பட்டாவில் உள்ள எண்ணை ஓர் இலக்கமும் குறையாமல் அப்படியே எழுத வேண்டும்.

உரக் கணக்கில் இவ்வளவு கறார் தேவையில்லை. மணிலாவுக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சிபாரிசு செய்யப்படுகிறது. ஏக்கருக்கு மாற்றினால் 161.9 கிலோ. இதை 160 கிலோ என்று வைத்துக்கொண்டால் பயிருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எங்கே முழுதாக்கலாம், எங்கே கூடாது என்பதை அந்த வேலையே சொல்லும்.

அருகில் உள்ள எண் உதவாத இடங்கள்

சில இடங்களில் மேற்சொன்ன விதியை அப்படியே பின்பற்றினால் காரியம் கெடும்.

வாங்கும் பொருள்: ஒரு வயலுக்கு 50 கிலோ தழைச்சத்து தேவை என்றால், யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 108.7 கிலோ யூரியா வேண்டும். இப்போது ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. வகுத்தால் 2.4 மூட்டை. அருகில் உள்ள முழு எண் 2 என்று இரண்டு மூட்டை வாங்கினால் 18.7 கிலோ பற்றாது. மூன்று மூட்டை வாங்கி, தேவையானதை எடை போட்டு எடுத்துக்கொண்டு, மீதியை ஈரம் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சாக்கு, வண்டி, ஆள் கணக்கிலும் இப்படியே பிசிறு இருந்தால் மேலே போக வேண்டும்.

பூச்சி மருந்து: லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி என்று சிபாரிசு இருந்தால், அதை 2 மில்லி என்று முழுதாக்கிக் கொள்ளக் கூடாது. 10 லிட்டர் டாங்கிக்கு 15 மில்லி போதும் என்ற இடத்தில் 20 மில்லி போய்விடும். மூன்றில் ஒரு பங்கு மருந்து அதிகம். செலவும் அதிகம், பயிருக்கும் ஆளுக்கும் ஆபத்து. முதலில் பெருக்க வேண்டும்.

ஈரப்பதம்: அரசு நெல் கொள்முதலில் ஈரப்பதத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். மீட்டர் 17.4 காட்டினால், முழுதாக்கினால் 17 தானே என்று வாதாட முடியாது. வரம்பு என்று ஒன்று இருந்தால் 17.1-உம் வரம்பைத் தாண்டியதுதான். இன்னும் ஒரு வெயில் காய வைத்து எடுத்துச் செல்வதே நல்லது.

விற்பனையில் செய்ய வேண்டியவை

எடை இயந்திரத்தில் தொழிலாளர் துறையின் எடையளவு முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். மூட்டை ஏற்றும் முன் இயந்திரம் பூஜ்யம் காட்ட வேண்டும். சாக்கின் எடைக்கு எவ்வளவு கழிப்பது என்பதையும், கிலோவுக்கு எத்தனை ரூபாய், எத்தனை பைசா என்பதையும் எடைக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு மூட்டையின் எடையையும் புள்ளியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தத் தாளைக் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். பிள்ளைக்கும் தசமக் கணக்கு மனதில் பதியும்.

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு, அதாவது கமிட்டிக்குக் கொண்டு சென்று விற்பவர்களும் எடைச் சீட்டில் உள்ள மொத்தத்தைத் தம் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் வாங்க வேண்டும். எழுதுவது உள்ளபடி, கூட்டுவது உள்ளபடி, பெருக்குவது உள்ளபடி. முழுதாக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை. இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் எட்டு மூட்டையில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம்.