வாஷிங்டன்ல வரி... பள்ளிகொண்டாவில் வேன் வரலை!

எங்க ஊர்ப் பெருமாள் உத்தர ரங்கநாதர். பாலாற்றங்கரையில் சுகமாகப் பள்ளிகொண்டிருக்கிறார். அதனால்தான் ஊருக்கே பள்ளிகொண்டா என்று பெயர். 'பெருமாளே படுத்துட்டார், நாம எதுக்கு அவசரப்படணும்?' என்பது அடியேனின் கொள்கை.

இந்தக் கொள்கைக்கு ஒரே எதிரி ஷூ கம்பெனி வேன். காலை ஆறரைக்கு எதிர் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். எதிர் வீட்டு அக்கா டிபன் பாக்ஸும் கையுமாக ஓடிவந்து ஏறுவார். ஆம்பூர் பக்கத்தில் 'அப்பர்' தைக்கிற வேலை. அப்பர் என்றதும் தேவாரம் பாடியவரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஷூவின் மேல்பாகத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர்!

2025 செப்டம்பரில் ஒரு நாள் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. சந்தோஷமாகப் புரண்டு படுத்தேன். மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவே நேரில் வந்துவிட்டார்.

"தம்பி, நீ பேப்பர்ல எல்லாம் எழுதுறியே, ஒண்ணு சொல்லு. ரஷ்யாக்காரன்கிட்ட எண்ணெய் வாங்கினதுக்கு அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம். ஆர்டர் இல்லைன்னு ஓ.டி.யை நிறுத்திட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள் வேலையும் இல்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்? எங்க வீட்டுக்கு ரீஃபைண்ட் ஆயிலே அரை லிட்டர்தான் வாங்குறேன்!"

சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "குழு லோனுக்கு வாரம் பொறந்தா டியூ கட்டணும்பா" என்றார்.

நான் பி.காம். சர்வதேச வர்த்தகத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்ட ரிக்கார்டோதான். போர்ச்சுகல் ஒயின் செய்யட்டும், இங்கிலாந்து துணி நெய்யட்டும், மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்பார் அவர். மூன்றாவதாக ஒருத்தர் கோபித்துக்கொண்டால் துணி நெய்கிறவள் கதி என்ன? அது எங்கள் சிலபஸில் இல்லை.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி ஷூ ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக, பழைய வரி போக 500 ரூபாய் கூடுதல். அதே ஷூ வியட்நாமிலிருந்து போயிருந்தால் அப்போது கூடுதல் வரி 200 ரூபாய்தான். ஆர்டர் கொடுக்கிற துரை எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல பி.காம். வேண்டியதில்லை.

எண்ணெய்க் கதையும் சின்னதுதான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுவதற்கு முன், நாம் வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. பிறகு மேற்கத்திய நாடுகள் ஒதுங்க, ரஷ்யா விலையைக் குறைக்க, அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. நாட்டுக்கு லாபம். ஆனால் அந்த லாபத்துக்கான பில், அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

டீக்கடையில் இதைச் சொன்னேன். டேனரியில் காலமெல்லாம் உழைத்த பெரியவர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். "இது புதுசா? 1991-ல் ரஷ்யாவே உடைஞ்சுது. ரூபாயிலேயே கணக்கு வெச்சு நம்ம தோல் சாமானை வாங்கின பெரிய கிராக்கி அவன். ஒரே டிசம்பர் மாசத்துல கடையே இல்லேன்னுட்டான்!"

இன்னும் பின்னால் போகலாம். 1910-ல் நார்மன் ஏஞ்சல் என்ற ஆங்கிலேயர் 'மாபெரும் மாயை' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். நாடுகள் வியாபாரத்தால் பின்னிக் கிடக்கின்றன, இனி போரில் ஜெயித்தவனுக்கும் லாபமில்லை என்றார். நாலே வருஷத்தில் முதல் உலகப் போர்! சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோலை, சிப்பாய்களின் பூட்ஸுக்காக பிரிட்டிஷ் அரசு அள்ளிக்கொண்டு போனது. ஏஞ்சலுக்கு 1933-ம் வருஷத்து அமைதி நோபல் கிடைத்தது. மாட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏஞ்சல் விட்ட இடத்தை 2019-ல் ஹென்றி ஃபாரெல், ஆபிரகாம் நியூமன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் பிடித்தார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நாடுகளைப் பின்னியிருக்கும் கயிறு எல்லார் கையிலும் சமமாக இல்லை. முக்கியமான முடிச்சு யாரிடம் இருக்கிறதோ, அவர் அதை இழுத்து அடுத்தவர் கழுத்தை இறுக்கலாம்.

ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்குவது சீனா. ஆனால் அந்த 'எண்ணெய் அபராதம்' நமக்கு விழுந்தது, சீனாவுக்கு விழவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. மோட்டார் முதல் ஏவுகணை வரை தேவைப்படும் அரிய மண் காந்தங்கள் பெரும்பாலும் சீனாவில்தான் தயாராகின்றன. 2025 ஏப்ரலில் அந்த ஏற்றுமதிக்கு சீனா கடிவாளம் போட்டதுமே அமெரிக்கத் தொழிற்சாலைகள் பதறின. அங்கே முடிச்சு சீனாவின் கையில்!

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவன்கிட்ட காந்தம் இருக்குக்கா. நம்மகிட்ட ஷூதான். ஷூ வேற எங்கேயும் கிடைக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பதினாலு வருஷமா நான் தைச்ச தையலுக்கு மதிப்பே இல்லைங்கிறியா?" என்றார்.

உலக அரசியல் படித்த எவரும் எனக்கு இதற்கு பதில் சொல்லித் தரவில்லை.

நம் நாட்டில் பாதுகாப்பு ஆய்வை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கே.சுப்ரமண்யம். திருச்சியில் பிறந்தவர், வெளியுறவு அமைச்சராக 2019-ல் பொறுப்பேற்ற ஜெய்சங்கரின் அப்பா. எல்லை, அணுகுண்டு என்று அவர் தலைமுறை யோசித்தது, யோசிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த மேஜையில் இன்னொரு ஃபைலும் வேண்டும். யாரிடம் எண்ணெய் வாங்குவது என்று முடிவெடுக்கும்போது, எந்த ஊரில் எந்த வேன் நிற்கும் என்கிற ஃபைல். எண்ணெய் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாட்டுக்காக ஒரு முடிவு என்றால், அதன் நஷ்டத்தையும் நாடுதானே பகிர்ந்துகொள்ள வேண்டும்? தையல் மெஷின்கிட்ட உட்கார்ந்திருக்கிறவள் தலையில் மட்டும் எழுதலாமா?

ஒரே கிராக்கியை நம்பின கடை என்னாகும் என்று 1991-லேயே பார்த்தாயிற்று. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான மாதிரி, வாசல்கள் நாலைந்து இருந்தால்தான் ஒன்று அடைத்தாலும் மூச்சு விடலாம். நல்ல காரியம்தான். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆர்டராக மாறி ஆம்பூர் வருவதற்குள், குழு லோன்காரர் எத்தனை தடவை வந்து போவார்?

தீபாவளிக்கு முந்தின வாரம், காலை ஆறரைக்கு ஹாரன் அடித்தது. வாரத்துக்கு நாலு நாள் வேலையாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா அதே டிபன் பாக்ஸோடு ஓடினார்.

இப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நான் புரண்டு படுப்பதில்லை. உலகச் செய்தியை முதலில் அதில்தான் கேட்கிறேன். பேப்பர் அப்புறம்!