பழைய ஸ்டீரியோ ரிசீவருக்கு மீண்டும் உயிர் கொடுப்போம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆசையாகப் பாட்டுப் போட்டால் குட்டி ஸ்பீக்கரில் தபேலா தகர டப்பா மாதிரி கேட்கிறதா? கடைக்கு ஓடும் முன் ஒரு முறை பரணைப் பாருங்கள். 1970களிலோ 80களிலோ வாங்கிய ஸ்டீரியோ ரிசீவர் தூசி படிந்து கிடக்கலாம். ரிசீவர் என்றவுடன் டெலிபோனை நினைக்க வேண்டாம். ரேடியோ ட்யூனரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் சாதனம் இது. அதை எப்படிச் சோதிப்பது, எதுவரை நாமே கை வைக்கலாம் என்று பார்ப்போமா?

சென்ற ஆண்டு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். 1981-ல் சென்னை பர்மா பஜாரில் அவர் வாங்கிய ஜப்பான் ரிசீவர் பேசவில்லை. "பாட்டுக்காக இல்ல தம்பி. எங்கப்பா தெருக்கூத்துல கட்டியங்காரன் வேஷம் கட்டிப் பேசினது கேசட்ல இருக்கு. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்றார். மலையில் ஒரு ஃப்யூஸ் வேண்டுமென்றாலும் போளூருக்கு இறங்க வேண்டும். அதனால் மீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினேன்.

பிளக்கைச் சொருகும் முன்

முதலில் பின்பக்கம் பாருங்கள். வெளிநாட்டு செட்டுகள் பலவற்றில் 100, 120, 220, 240 என்று எழுதிய வோல்டேஜ் செலக்டர் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே 220 அல்லது 240-ல் இருக்க வேண்டும். செலக்டரே இல்லாமல் 100 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது ஜப்பானின் உள்நாட்டு மாடல். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் புகைதான் வரும். அந்த மாடல்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய ஜப்பான் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம்முடையது 88 முதல் 108. முக்கால்வாசி நிலையங்கள் அதில் கிடைக்காது.

பல வருடம் தூங்கிய செட்டை நேரடியாக மின்சாரத்தில் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் போர்டு வழியாகக் கொடுங்கள். 100 வாட் குண்டு பல்ப் வேண்டும், எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. (குண்டு பல்ப் எங்காவது கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள்.) பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆசிரியர் வீட்டில் பல்ப் மங்கியது. நேரடி மின்சாரத்தில் போட்டோம். டயல் விளக்கு எரிந்தது, நாலைந்து விநாடியில் உள்ளே 'டிக்' என்று ரிலே சத்தம். ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே இது; ஆம்ப்ளிஃபயர் நலமாக இருந்தால்தான் டிக் சொல்லும். சொல்லாவிட்டால் அதை பைபாஸ் செய்யலாமே என்று சில மெக்கானிக்குகள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

டிக் வந்தும் ரேடியோவில் இரைச்சல்கூட இல்லை. முன்பக்கம் பார்த்தால், டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருந்தது! அது அமுங்கியிருந்தால் ரிசீவர் டேப் டெக்கை மட்டும்தான் கேட்கும். கடைசியாக அப்பாவின் கேசட்டைப் போட்டவர்கள் எடுத்துவிடாமலே மூடி வைத்திருக்கிறார்கள். விடுவித்தவுடன் வலது பக்கம் கரகரவென்று பேசியது. 'செத்துப்போன' செட்டுகளில் பல இப்படி ஒரு பட்டனில்தான் செத்திருக்கின்றன.

இடது பக்கம் ஏன் ஊமை?

கம்ப்யூட்டர் ரிப்பேரில் ராமை மாற்றிப் பார்ப்போமே, அதே வித்தைதான் இங்கும். செட்டை அணைத்து, இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினேன். ஊமைத்தனம் ஒயரோடு போயிருந்தால் கோளாறு ஸ்பீக்கரில். போகவில்லை, ரிசீவரின் இடது டெர்மினலிலேயே நின்றது. வால்யூமை நிறையக் கூட்டியபோது ஒரு கணம் சத்தம் வந்து மறைந்தது. இது அனுபவஸ்தர்கள் அடையாளம் கண்டுகொள்ளும் குறி: ரிலேயின் காண்டாக்ட் கறுத்திருக்கிறது.

மூடியைத் திறக்கும் முன் பிளக் சுவரிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. உள்ளே டப்பா சைஸில் நிற்கும் இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரை டி.சி.யில் வைத்து அளந்து, 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள ஒயர்களால் அவற்றின் இரு முனைகளிலும் சில விநாடி பிடித்து வடித்து, மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது! மெல்லப் பெயர்த்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, விசிட்டிங் கார்டு துண்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துக் காண்டாக்ட்டுகளுக்கு நடுவே இழுத்தேன். கார்டு கறுத்தது. வெள்ளையாக வரும்வரை நாலைந்து முறை. உப்புத்தாள் போடக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். வால்யூம், பேலன்ஸ் கன்ட்ரோல்களில் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பியதில் கரகரப்பும் நின்றது.

ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒரு சோதனை மிக முக்கியம். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து, ஸ்பீக்கர் டெர்மினல்களில் டி.சி. அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் போயிருக்கலாம். மாட்டினால் ஸ்பீக்கர் காயில் எரியும். எங்களுக்கு 18, 22 மில்லிவோல்ட். மாட்டினோம், இரண்டு பக்கமும் பாடியது.

கம்ப்யூட்டரோடு சேர்ப்பது

3.5 எம்.எம். ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. பின்னாகப் பிரியும் கேபிள் வாங்குங்கள். பச்சை ஜாக்கிலிருந்து ரிசீவரின் ஆக்ஸ் துளைகளுக்கு இணைத்தால் பாட்டுத் தயார். ஃபோனோ என்ற துளையில் மட்டும் சொருகாதீர்கள். அது ரெக்கார்ட் பிளேயரின் சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது. கம்ப்யூட்டரைக் கொடுத்தால் அலறும். 'ம்ம்ம்' என்று உறுமினால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிப் பாருங்கள்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற டெக்கை ஆக்ஸில் மாட்டி, ரெக் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் நீல நிற லைன்-இன் ஜாக்குக்குக் கொடுத்தேன். பெரும்பாலான ரிசீவர்களில் டேப் துளையில் வரும் சத்தம் ரெக் அவுட்டுக்குப் போகாது, அதனால்தான் இந்தச் சுற்று. வால்யூமை எப்படித் திருப்பினாலும் பதிவு மாறாது. லேப்டாப்பில் லைன்-இன் இல்லையென்றால், லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வைத்துப் பதியுங்கள். சி.டி. தரத்தில் வேவ் ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி.; ஒரு மணி நேரக் கேசட் 635 எம்.பி. வரும்.

டெக்கின் ரப்பர் பெல்ட் தார் போல உருகியிருந்ததால் ரிச்சி தெருவில் வேறு வாங்கிவர ஒரு வாரம் ஆனது. பிறகு கட்டியங்காரன் குரல் கணீரென்று எழுந்தபோது, அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து, "மாமா!" என்றார். மாமனாரின் குரலைக் கேட்டு எத்தனையோ வருடமாம்.

இன்னும் பதினோரு கேசட்டுகள் பாக்கி. நீங்களும் இதில் இறங்கினால், கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன்பே அதன் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனைத் தொட்டாலும் அழியாது.